தேதி போட்ட பயம், தேதியில்லாப் பயம்

"அவங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி, பார்த்து இருக்கணும்" என்று யாராவது சொன்னதுமே நம் மனதில் ஒரே படம்தான் வந்து நிற்கும். மாஸ்க், சானிடைசர் பாட்டில், சாத்திய அறை, வாசற்படியோடு நின்று நலம் விசாரித்துவிட்டு ஆப்பிள் பையை வைத்துவிட்டுப் போகும் உறவினர். கீமோ எடுப்பவர் வீடா, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் வீடா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் இவை இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தன. சித்திக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ. அத்தானுக்குச் சிறுநீரக மாற்று. கொடுத்தது அவருடைய அம்மா. இரண்டு வீட்டுக்கும் போய்வந்த சொந்தக்காரர்கள் இங்கே கேட்டதை அங்கேயும், அங்கே கேட்டதை இங்கேயும் சொன்னார்கள். சித்தியிடம், "மாப்பிள்ளையைப் பாருங்க, கல்யாணத்துக்கே வந்துட்டாரு, நீங்க ஏன் இப்படிப் பயப்படுறீங்க?" அத்தானிடம், "அவங்க ரூமை விட்டே வெளிய வர்றதில்ல, நீங்க என்னடான்னா ஊர் சுத்துறீங்களே?"

இரண்டிலும் அக்கறை இருந்தது; இரண்டுமே தப்பான யோசனை. சித்தி அத்தானைப் போல இருந்தால் உயிருக்கு ஆபத்து. அத்தான் சித்தியைப் போல இருந்தால் உயிர் இருக்கும், ஆனால் எதற்காக இவ்வளவு பாடுபட்டுச் சிறுநீரகம் மாற்றினோம் என்பது விளங்காமல் போய்விடும்.

வேறுபாடு மருந்திலேயே தொடங்குகிறது. முதல் உலகப் போரில் மஸ்டர்ட் வாயு தாக்கிய சிப்பாய்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்த வாயுவின் உறவுப் பொருளான நைட்ரஜன் மஸ்டர்டை 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு ஊசியாகச் செலுத்தினார்கள். இன்றைய கீமோவின் தொடக்கம் அது. சித்திக்கு ஏற்றிய சைக்ளோபாஸ்பமைடு அந்தப் பரம்பரையில் வந்த மருந்துதான். வேகமாகப் பிரியும் செல் எதுவானாலும் அதை அடிப்பது இம்மருந்துகளின் குணம். புற்றுநோய்ச் செல்லும் வேகமாகப் பிரிகிறது, எலும்பு மஜ்ஜையும் வேகமாக வேலை செய்கிறது, இரண்டுமே அடிவாங்குகின்றன. மஜ்ஜை அடிபடுவதை மருத்துவர் விரும்பவில்லை, பொறுத்துக்கொள்கிறார். அது எழுந்து வரும்வரை காத்திருந்துதான் அடுத்த சைக்கிளைத் தொடங்குகிறார்.

அத்தான் கதை நேர் எதிர். 1954-ல் பாஸ்டனில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே உருவ இரட்டையருக்கிடையே நடந்தது. உடல் அந்தச் சிறுநீரகத்தை அந்நியமாகப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. பெற்ற அம்மாவே கொடுத்தாலும் மகனின் வெள்ளணுக்களுக்கு அது வேற்றுப் பொருள்தான். அதனால் அவற்றை அடக்கி வைக்க வேண்டும்: ஒரு மாதமோ ஒரு வருஷமோ போதாது, அந்தச் சிறுநீரகம் ஓடும் காலம் முழுவதும். இந்தத் துறையையே மாற்றிப்போட்ட சைக்ளோஸ்போரின், நார்வே நாட்டு மலைப்பீடபூமி ஒன்றின் மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. 1983-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று பெரும்பாலோர் விழுங்கும் டேக்ரோலிமஸ், ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து 1984-ல் கண்டெடுக்கப்பட்டது. மாற்று முடிந்தவரிடம் மருத்துவர் சொல்லும் முதல் சில விஷயங்களில் ஒன்று, "தோட்ட மண்ணைக் கிளறாதீங்க." மண்ணிலிருந்து எடுத்த மருந்தைத் தின்றுவிட்டு மண்ணுக்குப் பயப்படுகிற வேடிக்கை இது.

ஆக, ஒருவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவது சிகிச்சையின் பக்கவிளைவு. இன்னொருவருக்கு அதைக் குறைப்பதுதான் சிகிச்சை. இந்த இடம் புரியாததால் நம் ஊரில் நடக்கும் பெரிய ஆபத்து கஷாயம். "இம்யூனிட்டி ஏறும்" என்று அத்தானுக்கு ஒருவர் நிலவேம்பு கொண்டுவந்தார், இன்னொருவர் சீந்தில் கொடிப் பொடி. அவருக்கு இம்யூனிட்டி ஏறினால் முதலில் அடிவாங்குவது அம்மா கொடுத்த சிறுநீரகம்! கொண்டுவந்தவர் முகம் வாடக் கூடாதே என்று அவர் வாங்கி வைத்துக்கொண்டார். அக்கா அன்றைக்கே எடுத்துக் குப்பையில் போட்டாள். சீந்தில் தின்ற சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே நல்ல உடம்புக்காரர்களும் யோசித்துச் சாப்பிட வேண்டிய பொருள்தான் அது. சித்தி விஷயத்தில் கஷாயத்தின் கேடு வேறு வகை: அது வெள்ளணுவை ஏற்றப்போவதில்லை, கீமோ மருந்தைக் கையாண்டுகொண்டிருக்கும் கல்லீரலுக்குக் கூடுதல் சுமை. கவுன்ட்டை ஏற்ற அவருக்குப் போட்டது ஃபில்கிராஸ்டிம் ஊசி. அது மஜ்ஜையைத் தூண்டுகிற வேகத்தில் இடுப்பெலும்பு விண்விண் என்று வலிக்கும். கீமோவைக்கூடத் தாங்கிவிடலாம், இந்த வலியைத் தாங்க முடியவில்லை என்று சித்தி சொன்னதுண்டு.

இனி காலம். இரண்டு பயங்களையும் உண்மையில் பிரிப்பது இதுதான் என்பது என் எண்ணம்.

நம் ரத்தத்தில் கிருமியோடு முதலில் மல்லுக்கு நிற்பவை நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1500-க்கு மேல் இருக்கும். ரத்தத்தில் அவை சுற்றுவது சில மணி நேரம்தான், புதிது வந்துகொண்டே இருக்க வேண்டும். மஜ்ஜை முடங்கினால் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். ரத்தப் புற்றுநோயாளிகளிடம் இந்த எண்ணிக்கை குறையக் குறைய, குறைந்த நிலை நீள நீள, தொற்று எப்படி ஏறுகிறது என்பதை ஜெரால்ட் போடியும் உடனிருந்தவர்களும் 1966-ல் எழுதிக் காட்டினார்கள். 500-க்குக் கீழே போனால் கவனம் என்று இன்றும் வார்டுகளில் சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் கீமோவில், ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைதான் பொதுவாகப் பள்ளம். பிறகு மேலே வரும்.

சித்தி இதைப் புரிந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. அடுக்களைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில், அந்த ஒரு வாரத் தாள்களின் மூலையில் பென்சிலால் 'க' என்று எழுதி வைத்தார். 'க' என்றால் கவனம். அந்தத் தாள்கள் வரும்போது பேத்தி இருமினாலும் அடுத்த அறை. வெளியாட்கள் கிடையாது. காலையும் மாலையும் தெர்மாமீட்டர். 'க' இல்லாத தாள்களில் மொட்டை மாடியில் உட்கார்ந்து பூ கட்டுவார், பக்கத்து வீட்டம்மாவோடு வம்பளப்பார். பயத்துக்குத் தேதி போட முடிந்தால் மற்ற நாட்களை அது தின்பதில்லை. எல்லாக் கீமோவும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அக்யூட் லுக்கீமியாவில் பள்ளம் வாரக்கணக்கில் நீளும். அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடக்க நேரும்.

தேதி போட்ட பயத்தின் மறுபக்கம், அந்த நாட்களில் அது கொஞ்சமும் தளரக் கூடாது என்பது. சித்திக்கு ஓர் இரவு 100.6 வந்தது. "இப்பத்தான் குளிச்சேன், அந்தச் சூடா இருக்கும். ராத்திரி நேரத்துல எதுக்குப் பிள்ளைங்களை எழுப்பணும், காலையில பார்த்துக்கலாம். ஒரு பாராசிட்டமால் போட்டுக்கிறேன்" என்றார். நம் வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் சொல்லக்கூடியதுதான். சித்தப்பா விடவில்லை, ஆட்டோ பிடித்துவிட்டார். 100.4-ஐத் தாண்டினால் மணி பார்க்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக்கை நரம்பில் ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் என்பது இதில் உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு.

ஏன் இந்த அவசரம்? சீழ், சிவப்பு, வீக்கம் என்று நாம் 'இன்ஃபெக்‌ஷன்' என்றதும் தேடும் அடையாளங்களையெல்லாம் உண்டாக்குவதே நியூட்ரோபில்கள்தான். அவை இல்லாத உடம்பில் தொண்டையைப் பார்த்தால் தொண்டை சுத்தமாக இருக்கும், எக்ஸ்ரே எடுத்தால் நெஞ்சு தெளிவாக இருக்கும், கிருமி மட்டும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். காய்ச்சல் ஒன்றுதான் கிடைக்கும் சாட்சி. பாராசிட்டமாலைப் போட்டு அந்தச் சாட்சியின் வாயையும் அடைத்துவிட்டுப் படுப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

அத்தானுக்குத் தெர்மாமீட்டர் அவ்வளவு நம்பகமான துணை அல்ல. அவர் சாப்பிடும் பிரெட்னிசலோன் காய்ச்சலையே அமுக்கிவிடக்கூடிய ஸ்டீராய்டு. 99-லேயே உடம்புக்குள் பெரிய காரியம் நடந்துகொண்டிருக்கலாம். அவர் கவனிக்க வேண்டியது மெதுவாக வரும் அடையாளங்களை: இரண்டு வாரமாகப் போகாத இருமல், காரணமில்லாத எடை இறக்கம், ராத்திரி வேர்வை, சிறுநீர் போகும்போது எரிச்சல், கிரியாட்டினின் லேசாக ஏறுவது. இந்தியாவில் 1971-ல் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், பல ஆண்டுக் கணக்கைப் பார்த்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், மாற்று செய்துகொண்டவர்களில் 100-க்குச் சுமார் 13 பேருக்குக் காசநோய் வந்திருந்தது தெரிந்தது. மேல்நாட்டுப் புத்தகங்கள் இதற்கு ஒதுக்கும் பக்கங்கள் குறைவு. நம்மில் பலரின் நுரையீரல்களில் அந்தக் கிருமி ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருக்கிறது. வந்த பிறகு சிக்கல் இன்னொன்று. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், டேக்ரோலிமஸைக் கல்லீரல் வேகமாகக் கழித்துத் தள்ளும்படி செய்துவிடும். ரத்தத்தில் டேக்ரோ லெவல் சரியும். அதைத் தாங்கிப் பிடிக்காவிட்டால், உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும் ரிஜெக்‌ஷன்.

இதைத்தான் அத்தான் "ரெண்டு பக்கமும் பள்ளம்" என்பார். சித்திக்கு எதிரி ஒரு பக்கம் மட்டும் இருந்தது. அத்தானுக்கு மருந்து கூடினால் தொற்று, குறைந்தால் ரிஜெக்‌ஷன். பி.கே. வைரஸ் என்று ஒன்று, சின்ன வயதிலேயே நம்மில் பலருக்குள் புகுந்து சிறுநீரகத்தில் சும்மா கிடப்பது. மாற்றுச் சிறுநீரகத்தில் அது தலைதூக்கினால் கொடுக்க நல்ல மருந்து இல்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைக் குறைத்துப் பார்ப்பதுதான் வழி. எவ்வளவு குறைப்பது என்பதை அடிக்கடி ரத்தம் எடுத்து முடிவு செய்கிறார்கள். நோயாளி தானாகப் போய் இதைச் செய்யக் கூடாது. தொற்றுக்குப் பயந்து, "சளி பிடிச்சிருக்கே, இன்னைக்கு ஒரு வேளை விட்டா என்ன" என்று டேக்ரோவை விடுபவர்கள் இருக்கிறார்கள். மாற்றிய சிறுநீரகம் போவதற்கான காரணங்களில் மாத்திரையை விடுவது முன்வரிசையில் இருக்கிறது. காலை ஒன்பது, இரவு ஒன்பது என்று அத்தானின் போனில் அலாரம் அடிக்கும். பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தாலும் சட்டைப் பையிலிருந்து டப்பா வெளியே வரும். லெவல் பார்க்கப் போகும் நாளில் மட்டும் ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை.

காலம் அவருக்கும் இல்லாமல் இல்லை. முதல் மாதம் அறுவையையும் ஆஸ்பத்திரியையும் ஒட்டிய தொற்றுகள். அடுத்து ஆறாம் மாதம் வரை மருந்து உச்சத்தில் இருக்கும், சி.எம்.வி. வைரஸ், நியூமோசிஸ்டிஸ் நிமோனியா போன்றவை தலைகாட்டும் கட்டம் அது. அதற்காகவே செப்ட்ரானும் வால்கான்சிக்ளோவிரும் முன்கூட்டிக் கொடுக்கிறார்கள். எல்லாம் நல்லபடியாகப் போனால் ஆறு மாதத்துக்குப் பிறகு அவருக்கு வரக்கூடியவை பெரும்பாலும் ஊரில் எல்லோருக்கும் வருபவைதான், என்ன, கொஞ்சம் கடுமையாக வரும். பள்ளம் நிரம்பாது, ஆழம் குறையும். அந்த ஆறு மாதத்தை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் தகும். அதே இறுக்கத்தைப் பத்தாவது வருஷத்திலும் பிடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மகள் கல்யாணத்தையே மண்டபத்து மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர் ஒருவர்.

அத்தானும் முதல் வருஷம் அப்படித்தான் இருந்தார். அவரை வெளியே இழுத்தது தைரியம் சொன்னவர்கள் இல்லை, தண்ணீர். டயாலிசிஸ் காலத்தில் நாளைக்கு ஒரு லிட்டருக்குள் அளந்து குடித்து, நாக்கு வறண்டால் ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டிருந்தவர். பொட்டாசியத்துக்குப் பயந்து வாழைப்பழத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தவர். மாற்றுக்குப் பிறகு "மூணு லிட்டர் குடிங்க" என்று மருத்துவர் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். சொம்பு நிறைய ஆறவைத்த தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, "இதுக்குத்தானடி இவ்ளோ கஷ்டப்பட்டோம், வீட்டுக்குள்ளேயே உட்காரவா?" என்று அக்காவிடம் கேட்டார். அப்புறம்தான் பஸ் ஏறினார்.

முழுக்க அடைத்து வைத்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு ஒரு சோகமான பதில் ஹூஸ்டனில் இருக்கிறது. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத டேவிட் வெட்டர் என்ற சிறுவனை 1971-ல் பிறந்த உடனேயே கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து வளர்த்தார்கள். பன்னிரண்டு வயதில் அவனைக் காப்பாற்ற அக்காவின் மஜ்ஜையைக் கொடுத்தபோது, அதற்குள் ஒளிந்திருந்த எப்ஸ்டீன்-பார் வைரஸும் சேர்ந்து போனது. 1984 பிப்ரவரியில் இறந்தான். கிருமி வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பது சித்தி விஷயத்திலும் உண்மை. கவுன்ட் விழுந்த நாட்களில் ரத்தத்துக்குள் நுழையும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி நோயாளியின் சொந்தக் குடலிலும் வாயிலும் குடியிருப்பவை. கீமோவால் புண்ணான சவ்வு வழியாக உள்ளே போகின்றன. அதனால்தான் மென்மையான பிரஷ், உப்புத் தண்ணீர்க் கொப்புளிப்பு, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது, எனிமா கூடாது என்பதெல்லாம். வாசலில் சானிடைசர் வைக்கிற வீடுகள் இதை மறந்துவிடுகின்றன.

சாப்பாட்டு விதிகளிலும் எனக்கொரு சந்தேகம் உண்டு. கீமோவில் பச்சையாக எதுவுமே தரக் கூடாது என்று பலர் கண்டிப்பாக இருக்கிறார்கள். ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் ரத்தப் புற்றுநோயாளிகள் 153 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வேகவைத்தது மட்டும், இன்னொரு பகுதிக்குப் பச்சைக் காய்கனியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வந்த முடிவு: பெரிய தொற்றிலோ உயிர் பிழைப்பதிலோ வித்தியாசம் இல்லை. அங்கே குழாயில் வரும் தண்ணீரும் கழுவும் முறையும் வேறு, அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது என்பது சரி. ஆனால் வாய் கசந்து சோறே இறங்காத சித்திக்கு, நன்றாகக் கழுவி வீட்டில் தோலுரித்த ஆரஞ்சையும் மறுப்பதில் என்ன லாபம்? தள்ளுவண்டியில் வெட்டி வைத்த பழம், கல்யாண வீட்டு ஐஸ் போட்ட ஜூஸ், நேற்றைய சட்னி: இவை இரண்டு பேருக்கும் வேண்டாம். அத்தானுக்குக் கூடுதலாக ஒன்று, பம்ப்ளிமாஸ். அதில் கிருமி இருக்கிறது என்பதற்காக அல்ல, அது டேக்ரோ லெவலை ஏற்றிவிடும் என்பதற்காக.

வேப்பிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது சித்தி, அத்தான் போன்றவர்களுக்கு மிகவும் பயன்படும் பொது அறிவிப்பு. சின்னம்மை கீமோக்காரரையும் மாற்றுக்காரரையும் நுரையீரல் வரை போய்த் தாக்கும். ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடுகிறது. வேப்பிலை வரும்போது பிள்ளைகள் கூடி விளையாடி முடித்திருப்பார்கள். அம்மை வந்த குழந்தையோடு நேற்று உட்கார்ந்திருந்தோம் என்று தெரிந்தால், "நமக்குத்தான் ஒண்ணும் வரலையே" என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொன்னால், எதிர்ப்புப் புரத ஊசியோ வைரஸ் மாத்திரையோ கொடுக்க வழியுண்டு.

தடுப்பூசி விஷயத்திலும் இரண்டு வீடும் ஒன்றாகிவிடுகின்றன. உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசிகள் இருவருக்கும் ஆகாது. செயலிழந்த கிருமியால் ஆனவற்றைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பலன் குறைவு. கொரோனா காலத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், உறுப்பு மாற்று செய்துகொண்ட 658 பேரைச் சோதித்தபோது, இரண்டு டோஸுக்குப் பிறகும் 46 சதவீதம் பேரிடம் எதிர்ப்பொருள் உருவாகவில்லை. ஆகவே கூட இருப்பவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசிதான் இவர்களுக்கு வேலி. வருஷா வருஷம் ஃப்ளூ ஊசியைச் சித்தப்பா போட்டுக்கொள்கிறார். அக்கா இன்னும், "எனக்கு எதுக்கு, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்கிறாள். கைக்குழந்தை உள்ள வீடாக இருந்தால் போலியோ சொட்டு மருந்தையும் யோசிக்க வேண்டும். சொட்டில் உள்ள உயிருள்ள வைரஸ் வாரக்கணக்கில் குழந்தையின் மலத்தில் வெளியேறும். குழந்தை மருத்துவரிடம் வீட்டு நிலைமையை முன்கூட்டியே சொன்னால் ஊசி வடிவப் போலியோ மருந்தைப் போடுவார். சொட்டு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால், சில வாரங்களுக்குக் குழந்தையைக் கழுவிவிடுவதும் துணியை அலசுவதும் வேறு யாராவது செய்ய வேண்டிய வேலை.